குழிக்குள்ளிருந்து வந்த அளவுகள்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியின் நீரியல் பிரிவில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு செமினார். மணி மூன்றானதும் பேராசிரியர் தாமே எழுந்து போய்க் கதவைத் தாழிடுவார். பிந்தி வந்தவன் உள்ளே வர முடியாது, உள்ளே இருப்பவன் வெளியே போக முடியாது. பங்குனி வெயிலில் ஒற்றை மின்விசிறியின் கீழ் இருபது பேர் உட்கார்ந்திருப்போம். மூத்திரம் முட்டினாலும் ஐந்து மணிவரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. யார் எதைக் கேட்க வேண்டும் என்று பேராசிரியர் புதன்கிழமையே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். சீட்டு இல்லாதவன் வாய் திறக்கக் கூடாது. என் பங்குக்கு வந்த சீட்டுகளை எல்லாம் பள்ளிக்கூடத்துப் பையன் போல எழுந்து நின்று வாசித்திருக்கிறேன். இதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தவனைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

பேராசிரியர் இளவயதில் ஒரு சூத்திரம் கண்டிருந்தார். கண்மாய் மடையை இத்தனை திறந்தால் இத்தனை தண்ணீர் வெளியேறும் என்பது அது. அதை வைத்துப் போட்ட அட்டவணையை மராமத்து ஓவர்சியர்கள் மடைக்கு மடை கொண்டு போனார்கள். அவரிடம் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு வடிவ மடைக்கு அந்தச் சூத்திரத்தைச் சரிபார்த்துப் பட்டம் வாங்கினார்கள். எனக்கு வாய்த்தது வட்ட மடை.

சோதனை சுலபம்தான். மேல்தளத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த நீளத்தொட்டி, அதன் முனையில் மாதிரி மடை. விழும் தண்ணீர் கீழே ஒரு குழிக்குள் இருக்கும் தொட்டியில் சேரும். நான் மேலே மடையைத் திறந்து, ஸ்டாப்வாட்சை அழுத்திக் குரல் கொடுப்பேன். ஆய்வக அட்டெண்டர் குழிக்குள் நின்று அளவுகோலைப் பார்த்து எண்ணைச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். நாலு வருடம் இப்படியே போனது. எல்லா எண்களும் சூத்திரத்தோடு அழகாக ஒத்துவந்தன. நான் கெட்டிக்காரன் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வருடம் அட்டெண்டர் தம் மகள் சடங்குக்காக ஒரு வாரம் விடுப்பில் போனார். நானே ஏறி இறங்கி அளவு பார்த்தேன். ஒன்றுகூட ஒத்துவரவில்லை. தண்ணீர், சூத்திரம் சொன்னதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவாக வந்தது. தொட்டி ஒழுகுகிறதா என்று தடவிப் பார்த்தேன், வாட்சை மாற்றினேன், திரும்பத் திரும்ப அதே குறைவுதான். அட்டெண்டர் திரும்பி வந்ததும் கேட்டேன்.

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "நீங்க நோட்டு ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருப்பீகளே தம்பி, வரவேண்டிய அளவுன்னு. அதத்தேன் முந்துன நாளே பாத்து வச்சுக்கிருவேன். கடைசி நம்பர மட்டும் கொஞ்சம் முன்னப் பின்னச் சொல்லுவேன்."

"ஏண்ணே இப்படிச் செஞ்சீக?"

"மொத மொத வந்த புள்ளைக்கு அளவு ஒத்து வரல. சார் மூணு மாசம் திருப்பித் திருப்பிச் செய்யச் சொல்லி வஞ்சாரு. அந்தப் புள்ள இந்தக் குழிக்குள்ளதான் வந்து உக்காந்து அழுகும். பாக்கப் பொறுக்கல. அதுக்கப்புறம் வந்த அம்புட்டுப் பேருக்கும் ஒத்து வந்துச்சுல்ல?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்கு முன்னால் பட்டம் வாங்கிப் போன ஐந்து பேரும் இவர் இரக்கத்தில் தேறியவர்கள். என் பதிவுக்காலம் சித்திரையோடு முடிகிறது. திருச்சியில் ஒரு கல்லூரி, பட்டம் வந்தால் விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. கடைசி செமினாருக்கு மூன்று வாரம் இருந்தது.

பேராசிரியரிடம் போனேன். மறுபடி பார்த்ததில் எட்டில் ஒரு பங்கு குறைகிறது, பழைய அளவுகள் சரியில்லை போலத் தெரிகிறது என்றேன்.

"யார் பாத்த அளவு?" என்றார்.

அட்டெண்டர் பெயரைச் சொன்னால் அன்றைக்கே அவர் வேலை போய்விடும். "நான்தான் சார் தப்பாப் பாத்திருப்பேன்" என்றேன்.

"அப்ப புதுசாப் பாத்ததுதானே தப்பு? பழைய நோட்டுல அம்புட்டுலயும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்துகொண்டார்.

அந்த மூன்று வாரமும் பழங்காநத்தத்து அறையில் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும், என் ஐந்து வருடமும் போகும். சொல்லாவிட்டால் பொய்க்குப் பட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கடைசியில் பழைய அளவுகளையே வரைபடமாக வரைந்தேன். பென்சில் பிடித்த கைமேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

செமினார் அன்று கதவு தாழிடப்பட்டது. பேசினேன். சீட்டுக் கேள்விகள் மூன்று வந்தன, மூன்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று மராமத்து ஆட்களையும் அழைத்திருந்தார்கள். அவர் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஓவர்சியர். ஐம்பது வயதிருக்கும். சீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது.

"உங்க டேபிளைப் பாத்துத்தான் ஐயா மடையத் தொறக்குறேன். ஆனா கடைமடை வயலுக்குத் தண்ணி எட்ட மாட்டேங்குது. எப்பவும் கொஞ்சம் கம்மியாத்தான் வருது. சம்சாரிக என்னைய ஏசுறாக. அது எதனால?"

ஐந்து வருடத்தில் அந்த அறையில் எழுந்த முதல் உண்மையான கேள்வி அது. பதில் என்னிடம் இருந்தது. தேநீர்த் தட்டோடு அட்டெண்டர் சுவரோரம் நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர், "உங்க மடைக் கட்டுமானத்துல கோளாறு இருக்கும். லேப்ல அம்புட்டும் சரியா வந்திருக்கே" என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். "இல்லையாப்பா?"

"ஆமா சார்" என்றேன். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது.

பஸ் நிறுத்தத்தில் அந்த ஓவர்சியர் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் மரியாதையாகக் கும்பிட்டார். அப்பா வயதுக்காரர் கும்பிட்டது எனக்குக் கூசியது.

"பாத்தா மடை நல்லாத்தேன் இருக்கு சார். ஆனா படிச்சவுக நீங்க சொல்றீக. இடிச்சுட்டுப் புதுசா வைக்கணும்னு எழுதிப் போடுறேன். தண்ணியத் தேக்க முடியாது, ஒரு போகம் போயிரும். போனாப் போகுது. கடைமடைக்காரனுக்கு விடிஞ்சாச் சரி."

மடையில் கோளாறு இல்லை, அட்டவணைதான் தப்பு, இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறங்கள் என்று சொன்னால் போதும். அங்கே தாழ்ப்பாள்கூட இல்லை. ஆனால் அவர் அதையும் எழுதிப் போடுவார், யார் சொன்னது என்றும் எழுதுவார் என்று தோன்றியது.

"நல்லாக் கட்டுங்கண்ணே" என்றேன்.

அடுத்த வருடம் ஐப்பசியில் வேலையில் சேரத் திருச்சி பஸ்ஸில் போனேன். நல்ல மழை. சாலையின் இருபுறமும் கண்மாய்கள் தளும்பிக்கொண்டிருந்தன. கொட்டாம்பட்டி தாண்டி ஒரு கண்மாய் மட்டும் வறண்டு கிடந்தது. கரையில் சாரம் கட்டி மடை வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே வயல்கள் உழாமல் கிடந்தன.

பக்கத்து இருக்கையில் இருந்த விவசாயி எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "எல்லாக் கம்மாயும் பெருகிக் கெடக்கு. இது மட்டும் ஏன் தம்பி இப்படி?"

"தெரியலைங்க" என்றேன். நான் டாக்டராகி இருபது நாள் ஆகியிருந்தது.