தவில் இல்லாத கச்சேரி

இந்த ஊரில் தும்மினால் ஆசீர்வாதம் செய்கிறார்கள். பேருந்தில், கடை வரிசையில், முன்பின் தெரியாத ஆள் தும்மினாலும் பக்கத்தில் நிற்பவர் ‘பிளஸ் யூ’ என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். மெல்பர்னுக்கு வந்த முதல் மாதம் எனக்குக் கடும் ஜலதோஷம். அந்த ஒரு வாரத்தில் வாங்கிய ஆசிகளை என் ஆயுளில் வாங்கியதில்லை. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் நகரியில் கிளம்புகிற நேரத்தில் யாராவது தும்மினால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவோம். தாலி கட்டும் நேரத்தில் தும்மல் வந்தால் கேட்கவே வேண்டாம். அது யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் கெட்டி மேளமே.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில் என் தங்கை புவனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சித்தூர்க்காரர், தெலுங்குக் குடும்பம். முகூர்த்தம் காலை பத்து பத்துக்கு. நான் போகவில்லை. என் விசா விண்ணப்பம் முடிவு தெரியாமல் கிடக்கிறது. இந்த நிலையில் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இதை அம்மாவிடம் நான்கு தடவை விளக்கினேன். நான்கு தடவையும் “சரிப்பா” என்றாள். “வீடியோ கால்லயாவது பாத்துக்கினு இருடா” என்றாள் கடைசியாக. மணவறையில் நிற்க வேண்டிய அண்ணன், யாரோ கையில் பிடித்திருக்கும் போனுக்குள் நிற்பதா? “எனுக்கு அன்னிக்கு டூட்டிம்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய்யாகக் கூடாதே என்று மறுநாள் போய் அந்த ஞாயிற்றுக்கிழமை டூட்டியைக் கேட்டு வாங்கினேன்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளன். அன்றைய டூட்டி, எலன் அம்மையாரை ஒரு ஜாஸ் கச்சேரிக்கு அழைத்துப் போவது. எண்பது தாண்டியவர், பியானோ டீச்சராக இருந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாலும் வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தேவாலயம் ஒன்றை ஒட்டிய கூடம். மேடையில் ஒரு பியானோவும் ஒரு சாக்ஸபோனும் இருந்தன. “மற்றவர்கள் எப்போது வருவார்கள்?” என்று கேட்டேன்.

“யார் மற்றவர்கள்?”

“தாளம் போடுகிறவர்கள்.”

“இரண்டு பேர் போதாதா? எனக்கு ஒரு கணவரே அதிகமாக இருந்தார்.”

போன்களை அணைக்கச் சொல்லி அறிவித்தார்கள். நான் சத்தத்தை மட்டும் குறைக்காமல் முழுவதுமாகவே அணைத்தேன். நிம்மதியாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

வாசிக்க வந்தவர் ஒரு பெண். கழுத்துப் பட்டையில் சாக்ஸபோனை மாட்டியதும் எனக்குப் புத்தலப்பட்டில் நடந்த பெரியப்பா மகள் கல்யாணம் நினைவுக்கு வந்தது. நாதஸ்வரத்துக்குப் பதிலாகத் திருப்பதியிலிருந்து சாக்ஸபோன் செட் வந்திருந்தது, கூடவே இரண்டு தவில். அப்பா, எங்களுக்கு நைனா, மணவறை ஓரத்தில் நின்று, தாலி எடுத்ததும் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டி “கெட்டி மேளம்!” என்றார். கூரை அதிர்ந்தது. புவனாவுக்கு அப்போது பத்து வயசு. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவள் என் சட்டையை இழுத்து, “ண்ணா, எனுக்கும் இந்த சாக்ஸபோன்தான் வெக்கணும். நைனாவும் நீயும் சேந்து கைய ஆட்டணும்” என்றாள். நைனா போய் ஆறு வருஷமாகிறது. விரல் ஆட்டும் வேலை என் ஒருவன் தலையில் இருந்தது. சாக்ஸபோனை மட்டும் அவள் மறக்காமல் ஏற்பாடு செய்திருந்தாள்.

இவர்கள் வாசிப்பு வேறு மாதிரி. ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர் யோசித்து மெதுவாகப் பதில் சொல்கிறார். நடுவில் கை தட்டுகிறார்கள். நம் ஊரில் மேளக்காரர்களுக்கு யார் கை தட்டுகிறார்கள்? சாம்பாரில் உப்புப் போதுமா என்றுதான் பேசிக்கொண்டிருப்போம். நன்றாகத்தான் வாசித்தார்கள். எனக்குள் ஒன்றும் இறங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே இரண்டு நாற்பது ஆனால் அங்கே பத்து பத்து.

இரண்டு நாற்பது. பியானோ நின்றுவிட்டது. சாக்ஸபோன் மட்டும் காற்று கசிகிற அளவுக்குத் தணிந்து ஒரே சுரத்தில் நின்றது. அந்த அமைதியில், முன்வரிசையில் ஒருவர் பெரிதாகத் தும்மினார்.

என் வலது கை தானாக மேலே போனது. ஆள்காட்டி விரல் ஆடியது. அதிகாரமாக, வேகமாக, அப்படியே நைனா மாதிரி. வாயிலிருந்து சத்தம் வராதது ஒன்றுதான் குறை. சாக்ஸபோன் பெண் வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். எலன் என் முழங்கையைத் தட்டி, “என்ன கண்ணா, ஏலம் கேட்கிறாயா? பியானோவை விற்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லையே” என்று கிசுகிசுத்தார். “என் தங்கைக்கு இப்போது கல்யாணம்” என்றேன். “வாழ்த்துகள்! எந்தத் தேவாலயத்தில்?” என்றார். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு இடைவேளை. எலனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். தாலி கட்டி முடிந்திருக்கும், இனி யார் முகத்தை எப்படிப் பார்ப்பது? அணைத்தபடியே திரும்பப் போட்டேன். அதற்கப்புறம் வாசித்தது எதுவும் எனக்கு நினைவில்லை.

கச்சேரி முடிந்து எலனை வேனில் ஏற்றிவிட்டுத்தான் போனைப் போட்டேன். வீட்டிலிருந்து ஒன்பது அழைப்புகள். எல்லாமே மூன்று பத்துக்கு மேல் வந்தவை. அதன் கீழே அம்மாவின் குரல் பதிவு.

“இன்னாடா, போன ஆஃப் பண்ணிக்கினு இருக்கே? முகூர்த்தத்துக்கு அவுங்க வழக்கம் சீரகம் வெல்லந்தானே, தலைல வெச்சிக்கினாங்க. தாலி இப்பத்தான் எடுத்தாங்க. அண்ணன் போன்ல வந்து கைய ஆட்டுனாத்தான் ஆச்சுன்னு இவ புடிவாதம். அய்யரு நேரம் ஆவுதுன்னு கத்துறாரு. நாங்க இன்னா பண்றது... நீ மனசுல ஒண்ணும் வெச்சிக்காத. துன்னியா?”

நகரியில் எங்களைச் சுற்றிப் பாதிக்குப் பாதி தெலுங்குக் குடும்பங்கள். அவர்கள் முகூர்த்தம் தாலிக்கல்ல, தலையில் சீரகம் வெல்லம் வைப்பதற்கு என்று எனக்குத் தெரியாதா? எத்தனை கல்யாணம் போயிருக்கிறேன். பந்திக்கு நேராகப் போனவனுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப் போகிறது.

அடுத்து ஒரு வீடியோ. டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து போட்டேன். மணவறையில் மாப்பிள்ளை கையில் தாலி. மாமா நீட்டிய போன், சாக்ஸபோன்காரர் முகத்துக்கு நேரே அடித்துக்கொண்டே இருக்கிறது. திரையில் என் போட்டோ. புவனா குனிந்த தலையை நிமிர்த்தி அந்தப் போனையே பார்க்கிறாள். “டைம் அயிப்போத்தோந்தி அம்மா!” என்று நேரமாவதைத் தெலுங்கில் கத்துகிறார் அய்யர். அப்போது, நைனா போனதிலிருந்து எந்தச் சுபகாரியத்திலும் கடைசி வரிசையைத் தாண்டி வராத அம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். விரலை உயர்த்தினாள்.

பின் இருக்கையில் எலன் தும்மினார்.

“பிளஸ் யூ” என்றது என் வாய். கை, ஸ்டியரிங் மேல் வைத்தது வைத்தபடியே இருந்தது.