தீனோ வாயை மூடின கதை

தீனோவுக்கு வாய் சும்மா இருந்தால் காது வலிக்கும். இதை நானாகச் சொல்லவில்லை, சமோவாவின் முலிஃபானுவா படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதினெட்டு வருஷம் அங்கே பானிகேகே என்கிற மாவுருண்டை பொரித்து விற்றவள். படகைக் கயிறு போட்டுக் கட்டுவதற்கு முன்பே இவள் குரல் மேல்தளத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். முழுப்பெயர் ஃபுவாதீனோ. அதை நாம் சொல்லி முடிப்பதற்குள் அவள் நாலு வாக்கியம் பேசிவிடுவாள் என்பதால் ஊரே சுருக்கி வைத்துவிட்டது.

ஒருநாள் படகுக்குக் காத்திருந்த வானொலிக்காரர் ஒருவர், "இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு ஏம்மா பலகாரம் விக்கிறே? ரேடியோவுக்கு வா" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் படகேறிப் போய்விட்டார். சொன்னவர் மறந்திருப்பார். இவள் மறக்கவில்லை. நாற்பது வயதில் தலைநகர் ஆப்பியாவின் கல்லூரியில், படமும் ஒலியும் சேர்த்துக் கதை சொல்லும் படிப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"மகளும் நீயும் ஒரே பையில புக்கு வச்சுக்குங்க" என்று ஊர் சிரித்தது.

"வச்சுக்கறோம். உனக்கா தோள் வலிக்குது?" என்றாள் தீனோ.

வாய் கிழியப் பேசினாளே தவிர, முதல் பருவத்தில் கோட்டை விட்டாள். கேமரா அவளுக்குக் கைவந்துவிட்டது. ஒலிதான் காலை வாரியது. யாரைப் பதிவு செய்தாலும் நடுவில் இவள் குரல். "ஆமா ஆமா", "அய்யய்யோ, அப்புறம்?" என்று அவர்களுக்கு மேல் இவள். இரண்டாவது தடவையும் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். மறுபடி எண்ணெய்ச் சட்டிதான்.

பாடம் எடுத்த அய்லினி மிஸ்ஸுக்கு இருபத்தேழு வயது. சமோவாக்காரிதான், ஆனால் ஆக்லாந்தில் வளர்ந்தவள். சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள்: "பேசுகிறவர் பேசட்டும். நீ தலையை மட்டும் ஆட்டு."

இங்கேதான் வம்பு. எங்கள் ஊரில் ஒருவர் கதை சொல்லும்போது கேட்கிறவர் தலையை மட்டும் ஆட்டினால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம், இல்லை சண்டை என்று அர்த்தம். நல்ல இடம் வந்தால் சபாஷ் போடுகிற மாதிரி "மாலியே!" என்று கூவ வேண்டும். உம் கொட்ட ஆளில்லாத கதை தேங்காய்ப்பால் இல்லாத தாலோக் கிழங்கு, தொண்டையில் இறங்காது. இதை அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது?

கடைசி வேலை ஐந்து நிமிஷக் கதை. அசையாப் படங்கள், மேலே ஒலி. தீனோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவள் அம்மாவின் தம்பி அலபாத்தி பஸ் ஓட்டுகிறவர். நாடு முழுக்க வண்டிகள் சாலையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறிய அந்தக் காலைதான் அவருடைய பெரிய கதை. குடும்பத்தில் நூறு தடவை கேட்டாயிற்று. நூறு தடவையும் வயிறு வலிக்கச் சிரித்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து சாப்பாடும் முடிந்து குடும்பமே பாயில் சாய்ந்திருந்தபோது பதிவுக் கருவியை வைத்தாள். மாமா ஆரம்பித்தார். அன்றைக்கு நாட்டுக்கே லீவு. சொந்தக்காரர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு, இவர் வீம்புக்குப் பஸ்ஸை வெளியே எடுத்தார். கதவு இனிமேல் நடுரோட்டுப் பக்கம் வருமே என்று முந்தின நாள் தானே ரம்பம் போட்டு மறுபக்கம் ஒரு கதவு அறுத்துவிட்டார். பழைய கதவை அடைக்க மறந்துவிட்டார்.

"ஒரு பன்னி அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் இறங்கிப் போச்சு. டிக்கெட்டும் வாங்கல, நன்றியும் சொல்லல!"

"மாலியே!" என்று வீடே அதிர்ந்தது.

ஆறு மணி. வானொலியில் அறிவிப்பு, இனி எல்லோரும் இடப்பக்கம். மாமாவின் கை நகரவில்லை. இருபது வருஷம் வலப்பக்கம் ஓட்டிய கை ஸ்டியரிங்கில் கல்லாய்க் கிடந்தது. இந்த இடத்தில் மாமா நிறுத்துவார். உடனே தீனோ எழுந்து, பின்சீட்டிலிருந்து அன்று கத்திய தன் அம்மாவைப் போலவே இடுப்பில் கைவைத்துக் கத்துவாள்: "திருப்புடா தம்பி! ரோடே மாறிடுச்சு, உன் கை மட்டும் இன்னும் தூங்குதா?" அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அந்த வரி மட்டும் வீட்டில் உயிரோடு இருந்தது.

திங்கட்கிழமை மிஸ் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "கதை யாரு சொல்றது தீனோ? மாமாவா, நீங்களா, மொத்த ஊரா?"

"மாமாதான் மிஸ். நாங்க சும்மா கேட்டுக்கிட்டிருந்தோம்."

"இதுவா சும்மா! இதுல வெட்டி எடுக்க ஒரு வரி தேறாது. மறுபடி பதிவு பண்ணி வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. அதுலயும் உங்க குரல் கேட்டா என்னால பாஸ் போட முடியாது."

புதன்கிழமை மாமாவைத் தனியாக, நின்றிருந்த பஸ்ஸுக்குள் உட்காரவைத்தாள். தன்னை நம்பினால்தானே! ஒரு முழு பானிகேகேயை வாயில் திணித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். கன்னம் இரண்டும் பந்து. மாமா பன்னியை ஏற்றி இறக்கினார். இவள் தலையை ஆட்டினாள். மாமாவின் குரல் இறங்கியது. ஆறு மணி வந்தது. கை நகரவில்லை. மாமா நிறுத்தினார்.

காத்திருந்தார்.

தீனோவும் காத்திருந்தாள், கண்ணில் நீர் முட்ட, வாயில் மாவோடு.

"உங்கம்மா சொன்னதுகூட உனக்கு மறந்துபோச்சா புள்ள?" என்றார். இறங்கி நடந்துவிட்டார். இவள் அதை விழுங்கிவிட்டு "மாமா!" என்று கூப்பிடுவதற்குள் அவர் தெருமுனை திரும்பிவிட்டார்.

பதிவு கண்ணாடி மாதிரி சுத்தம். பிணம் மாதிரியும் இருந்தது. தீனோ அதை இரண்டு தடவை கேட்டாள், அவமானமாக இருந்தது. மாமாவை இப்படி ஒரு செத்த கதைக்காரராக ஊருக்குக் காட்டி வாங்கும் பாஸ் எதற்கு?

வியாழன் விடிந்ததும் கல்லூரியில் கெஞ்சி இரண்டு மைக் வாங்கினாள். மதிய பஸ் ஆப்பியாவிலிருந்து புறப்படும் நேரம். ஏறினாள். இருக்கையெல்லாம் நிறைந்து, மடிமேல் மடியாக ஆட்கள். நேரே மாமாவிடம் போனாள்.

"நேத்து வாயில பலகாரம் மாமா. சத்தியமா. மிஸ் பேசக்கூடாதுன்னாங்க, வேற வழி தெரியல."

மாமா ஓரக்கண்ணால் பார்த்தார். "பலகாரமா?"

"முழுசு."

"அடிப்பாவி, கன்னம் வீங்கிருக்கே, பல்லு வலியோன்னு நெனச்சேன்." சிரித்துவிட்டார். அவர் சட்டைக் காலரில் ஒரு மைக்கைக் குத்தினாள். இன்னொன்றைப் பஸ்ஸின் நடுவில் கம்பியில் கட்டினாள். இப்படிச் செய்தால் கதை ஒரு பக்கம், கேட்கிறவர்கள் ஒரு பக்கம், தனித்தனியாகக் கையில் இருக்கும். ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். மாமா பாட்டை நிறுத்தினார். அந்தப் பஸ்ஸில் பாட்டு நின்றதே கிடையாது, ஆகவே எல்லோரும் பயந்து நிமிர்ந்தார்கள்.

"யாரும் பயப்படாதீங்க! மாமா கதை சொல்லப் போறாரு. எவ்வளவு வேணாலும் கத்துங்க. இன்னிக்கு வாயை மூடவேண்டியது நான் ஒருத்திதான்!"

"உன்னால ஆவுமா?" என்று பின்னால் ஒரு குரல். பஸ் குலுங்கியது.

புறப்பட்டார்கள். ஹெட்போனில் தீனோ கேட்டாள். இஞ்சின் உறுமல், மரப்பலகை கிறீச்சிடல், மாமாவின் மூச்சு. பன்னி ஏறியது, "மாலியே!" பன்னி இறங்கியது, "மாலியே! மாலியே!" யாரோ கூரையைத் தட்டினார்கள். அடேயப்பா, அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் இந்தக் கதையைக் கத்திக் கத்தியே கேட்டிருக்கிறாள். மாமா ஒரு வரிக்கு முன் மூச்சு வாங்குவதும், அந்த மூச்சுக்கு ஊரே அடங்குவதும் இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. மிஸ் சுவரில் ஒட்டிய வரியில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டாள்.

ஆறு மணி. கை நகரவில்லை. மாமா நிறுத்தினார்.

பஸ் ஓடிக்கொண்டிருந்தது, கதை மட்டும் நின்றது. கண்ணாடியில் மாமாவின் கண் அவளைத் தேடியது. உன் குரல் கேட்டா பாஸ் கிடையாது. எண்ணெய்ச் சட்டி. படகுத்துறை. ஒரு நொடி, இரண்டு நொடி. அம்மா இந்த ரோட்டில்தான், இந்தப் பஸ்ஸில்தான் கத்தினாள்.

போகட்டும் பாஸ் என்று எழுந்து நின்றாள். "திருப்புடா தம்பி! ரோடே மாறிடுச்சு, உன் கை மட்டும் இன்னும் தூங்குதா?"

பஸ் வெடித்துவிட்டது, போங்கள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு ஜன்னலை இருட்டாக்கி ஒவ்வொருவர் கதையையும் போட்டார்கள். தீனோவினுடையது ஐந்தாவது. திரையில் மாமாவின் கை, அடைத்த பழைய கதவு, பின்சீட்டில் ஒரு காலி இடம். பன்னிக்கே வகுப்பு உருண்டுவிட்டது. பிறகு அந்த நிறுத்தம். அதன் மேல் தீனோவின் குரல், படகுத்துறை முழுவதையும் தூக்கும் அதே குரல்.

விளக்குப் போட்டார்கள். மிஸ் பேனாவை மதிப்பெண் தாளில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தாள்.

"தீனோ, நீங்க பேசக்கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

"நான் பேசல மிஸ்," என்றாள் தீனோ. "அது எங்கம்மா."

மிஸ் திரையைப் பார்த்தாள். கடைசிப் படம் இன்னும் நின்றிருந்தது, அந்தக் காலி இடம். தாளில் ஏதோ எழுதினாள். எழுதியதை எல்லோரும் பார்க்கும்படித் திருப்பிக் காட்டினாள். பாஸ். பிறகு, ஆக்லாந்தில் வளர்ந்த அந்தப் பெண் வாயில் பழக்கமில்லாத வார்த்தையைக் கூச்சத்தோடு, மெதுவாக, "மாலியே" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸை நிறுத்திவிட்டு, திரைச்சீலையில் காதை ஒட்டிவைத்திருந்த அலபாத்தி மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா, இங்க கேக்கல!"