எழவு வீட்டுக் கவுன்சிலர்

காளிச்சாமிக்கு ஊரில் விரோதி என்று யாருமே கிடையாது என்பார்கள். என்னைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறார்கள். நான் ராசாத்தாள், கரட்டுத்தோட்டத்து மருதாசலத்தின் பெண்டாட்டி. அந்த ஆளைப் பற்றி நல்லதும் சொல்வேன், நல்லது இல்லாமல் இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் கடைசிவரை இருந்து கேட்க வேண்டும்.

எங்கள் கரட்டுத்தோட்டம் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், பள்ளத்துக்கு இக்கரையில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு வீடு. பஸ், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, சுடுகாடு எல்லாம் அக்கரையில். வெயில் காலத்தில் பள்ளத்தில் மணல்தான் கிடக்கும், மாடு போகும், வண்டி போகும். மலையில் மழை பிடித்தால் செம்மண் தண்ணீர் மரத்தை உருட்டிக்கொண்டு வரும். அது வடிகிறவரை இக்கரைக்காரன் இக்கரையில்தான். எங்களுக்கு வேண்டியது ஒரு பாலம். பெரிய பாலம்கூட வேண்டாம், ஒரு கார் போகிற அகலம் போதும்.

கவுன்சிலர் ஆவதற்கு முன் காளிச்சாமி கல்யாணத் தரகர். கக்கத்தில் ஜாதகப் பையும் முகத்தில் சிரிப்புமாக ஊர் ஊராகப் போவார். பள்ளத்தைத் தாண்டி இக்கரையில் பெண் கொடுக்க எங்கள் அப்பா யோசித்தபோது அவர்தான் காபியைக் குடித்துக்கொண்டே, "அதுக்கென்னங்க, பாலம் வருதுங்க. அடுத்த வருசம் பஸ்ஸு மாப்பள ஊட்டு வாசல்ல நிக்குமுங்க" என்றார். அப்பா நம்பினார். நானும் நம்பித்தான் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். ஒன்று சொல்ல வேண்டும், மாப்பிள்ளையைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அவ்வளவு நல்ல மனுசன்.

தொண்ணூற்றாறில் தேர்தல் வந்தது. ஒன்றியக் கவுன்சிலருக்குக் காளிச்சாமி நின்றார். அவர் கையால் தாலி ஏறாத வீடே சுற்று வட்டாரத்தில் கிடையாது, யார் ஓட்டுப் போட மாட்டோம் என்பார்கள்? ஜெயித்தார். ஜெயித்தவுடன் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் போட்டால் ஆள் வருவதில்லை என்று எழவு வீடுகளில் சேதி சொல்ல ஆரம்பித்தார்.

எழவு வீடு அதற்குத் தோதான இடம்தான். வெளியூர்ச் சொந்தம் வந்து சேருகிறவரை ஆம்பளைகள் பந்தலுக்கடியில் பெஞ்சு போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போகவும் முடியாது. காளிச்சாமி முதல் ஆளாக மாலையோடு வருவார், கையைத் தொட்டுத் துக்கம் கேட்பார், கொஞ்சம் பொறுத்துத் தொண்டையைச் செருமுவார். "துக்க ஊட்டுல பேசக் கூடாதுங்க. இருந்தாலும் எல்லாரும் ஒன்னா இருக்கறப்பவே ஒரு சேதியச் சொல்லிப்போட்டாத் தேவலைங்க." அப்புறம் ரேஷனில் மண்ணெண்ணெய் எப்போது போடுவார்கள், யாருக்கு முதியோர் பென்சன் வந்திருக்கிறது, எந்த வீதிக்கு டியூப்லைட் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அதெல்லாம் சொன்னபடியே நடந்தது. அதுதான் வினை. டியூப்லைட் எரிந்ததால் பாலத்தையும் நம்பினோம்.

பாலத்தைக் கடைசியில்தான் எடுப்பார். மேல்வீதிப் பெரியவர் செத்த அன்றைக்கு இஞ்சினியர் வந்து அளந்துவிட்டுப் போனதாகச் சொன்னார். பெரிய தோட்டத்துப் பண்ணாடி வீட்டு எழவில் எஸ்டிமேட் போட்டாகிவிட்டது. வெங்கடம்மாள் செத்தபோது பாலம் கலெக்டர் ஆபீசில் மேசைமேல் இருந்தது. ஒரு சாவுக்கு ஒரு படியாக அது ஏறிக்கொண்டே போயிற்று. நாங்கள் பள்ளத்தில் இறங்கிக்கொண்டே இருந்தோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள், எல்லா வீட்டுக்காரர்களும் ஒரு வேன் பிடித்துப் போய் வருவோம் என்று ஐப்பசிக்கு முன்பே நச்சரித்தேன். இக்கரையில் எல்லாரும் சரி என்றார்கள். என் வீட்டுக்காரர்தான் தடுத்தார்.

"அந்த மனுசன் இத்தன பாடுபட்டு மேசை வரைக்கும் கொண்டாந்துட்டாரு. அவரத் தாண்டி நாம போயி நின்னா, அவருக்கு மரியாதையா இருக்குமா புள்ள?"

மரியாதை! எங்கள் ஆட்களுக்கு உயிரைவிட அது பெரிசு. வேன் பிடிக்கவில்லை.

ஐப்பசி மழையில், பொழுது சாய்கிற நேரத்தில், மோட்டார் ரூமைச் சாத்தப் போனவரை நல்லபாம்பு கடித்தது. சேதி கேட்டு அக்கரையில் கார் வந்து நின்றது. அதன் வெளிச்சம் எங்கள் வாசல்வரை அடித்தது. நடுவில் பள்ளம் இரண்டு ஆள் உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு, மேலே பாறை இருக்கிற இடத்தில் கடக்க முடியுமா என்று சுற்றிக்கொண்டு ஓடினார்கள். பாறைக்குப் போய்ச் சேரும்போது கட்டிலில் இருந்தது என் வீட்டுக்காரர் இல்லை, வெறும் உடம்பு.

மறுநாள் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியது. கயிறு கட்டி ஆட்கள் அக்கரையிலிருந்து வந்தார்கள். காளிச்சாமியும் வந்தார், பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு. இக்கரை ஏறி, பையிலிருந்து உலர்ந்த வேட்டியை எடுத்துக் கட்டி, தலையைச் சீவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் உள்ளே என் வீட்டுக்காரர் தலைமாட்டில் இருந்தேன். வெளியே செருமுகிற சத்தம் கேட்டது.

"துக்க ஊட்டுல பேசக் கூடாதுங்க. இருந்தாலும்... பாலம் இந்தத் தடவ நிச்சயமுங்க. கையெழுத்து ஆயிப்போச்சுங்க."

என் கணவர் சாவுக்கும் ஒரு படி போட்டுவிட்டார். தலையை முடிந்துகொண்டு வெளியே வந்தேன். பொம்பளை, அதுவும் தாலி கழற்றப்போகிற பொம்பளை, அப்படி வந்து ஆம்பளைகள் நடுவில் நின்றதை அதுவரை எங்கள் ஊர் பார்த்ததில்லை. கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணா, பேசுனது போதுங்க. வந்து தோளு குடுங்க."

"அம்மணி, பங்காளிங்க இருக்கறாங்க, மொறைன்னு ஒன்னு..."

"இந்தப் பள்ளத்தத் தாண்டி என்னைய இங்க கொண்டாந்து உட்டது நீங்கதானுங்க. அவர அங்க கொண்டுபோயி உடறதுக்கும் நீங்களே முன்னால புடிங்க."

முன்கம்புப் பக்கம் நின்ற பங்காளி விலகி இடம் விட்டார். காளிச்சாமி எழுந்தார்.

பெண்கள் பள்ளத்துக் கரையோடு நின்றுவிடுவோம். அங்கே நின்று பார்த்தேன். முன்கம்பு காளிச்சாமி தோளில். நடுவாந்திரம் போகும்போது அடியில் கல் உருண்டிருக்க வேண்டும், அவர் சரிந்தார். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. பாடை ஒரு பக்கம் சாய்ந்து, மாலை ஒன்று கழன்று தண்ணீரோடு போயிற்று. "புடிங்க, புடிங்க, அவர உட்றாதீங்க" என்று அவர் போட்ட சத்தம் கரைவரை கேட்டது. கம்பை மட்டும் அவர் விடவில்லை. இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, ஆட்கள் வந்து தாங்குகிறவரை அப்படியே நின்றார். அதை நான் மறைக்கவில்லை.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து எழவு வீட்டில் விளக்குப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். காளிச்சாமி எந்த எழவிலும் அதுவரை இருந்ததில்லை, அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். அன்றைக்கு வந்தார். ஈரம் சொட்டச் சொட்ட வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

"அம்மணி, பாலத்துக்கு நான் இன்னும் மனுவே குடுக்கலீங்க."

"இஞ்சினியரு வந்தது?"

"யாரும் வரலீங்க."

"கலெக்டரு மேசை?"

"ஒன்னுமே இல்லீங்க. அவ்வளவு பெரிய வேலைக்கு எங்க போயி, யாரக் கேக்கோணும்னு எனக்குத் தெரியாதுங்க. போற ஊட்டுலயெல்லாம் பாலம் என்னாச்சுன்னு கேக்கறாங்க. இல்லைன்னு சொல்றதுக்கு வாயி வரலீங்க." அவ்வளவுதான் சொன்னார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பெஞ்சில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் எழுந்து அவர் தோளைத் தொட்டு, "உடுங்க, உடுங்க" என்று தேற்றக்கூடப் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"அழுகறதுக்கு இந்த ஊட்டுல ஆளு இருக்குதுங்க. திங்கக்கெழம நாங்களே போயி மனுக் குடுத்துக்கறோம். நீங்க வர வேண்டாமுங்க."

விதவை பதினாறாம் நாள் காரியத்துக்குள் வாசல் தாண்டக் கூடாது என்றார்கள். நான் அந்தத் திங்கட்கிழமையே வேனில் ஏறினேன். ஒரே ஒரு மனுதான் கொடுத்தோம். தை பிறந்ததும் இஞ்சினியர் நிஜமாகவே வந்து அளந்தார், அடுத்த ஐப்பசிக்கு முன்பே பாலம் கட்டி முடித்துவிட்டார்கள். அதற்குச் செலவானது பணமோ சிபாரிசோ இல்லை, ஒரு முழு வெள்ளைத்தாள். இன்றைக்கும் அந்தப் பாலத்தின்மேல் கார் போகிற சத்தம் கேட்டால் என் வயிறு பற்றி எரிகிறது. முன்பே கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.