ஸ்டெல்லா அக்கா வீட்டு டிவி

போன வாரம் என் மடிக்கணினியின் திரை திடீரென்று இருண்டுபோனது. அவசர வேலை. சுவரிலிருந்த டிவியில் வயரைச் செருகினேன், படம் வந்தது. கொழும்பில் நான் மட்டும் இருக்கிற வீட்டில் அவ்வளவு பெரிய எழுத்துகளைப் பார்த்ததும் பதுளைதான் மூக்கில் வந்து நின்றது. மழை ஊறிய சுவர், அவிந்த போஞ்சிக்காய்.

இரண்டாயிரங்களின் கடைசிப் பகுதி. ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, பதுளையில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது ஸ்டெல்லா அக்கா வீட்டு முன்னறையில். அவருடைய கணவருக்குக் கத்தாரில் வேலை, பிள்ளைகள் இல்லை. அவரை நான் அண்ணன் என்பேன். முந்தின விடுமுறையில் அண்ணன் சுமந்து வந்த எல்சிடி டிவியை அக்கா பூப்போட்ட துணியால் மூடி வைத்திருப்பார். அதைப் பார்த்ததைவிடத் துடைத்ததே அதிகம்.

ஒரு இடிமழையில் என் மொனிட்டர் செத்துப்போனது. டிவியின் பின்னால் கம்பியூட்டர் வயருக்கும் இடம் இருப்பதைக் கவனித்திருந்தேன். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மாட்டுங்க தங்கச்சி, சும்மாதானே இருக்கு. ஹோல்லயே உக்காந்து வேலை செய்ங்க. எனக்கும் பேச்சுத்துணையா இருக்கும்."

வயரோ குட்டை. டிவியில் மூக்கு முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து, ஒரு வரியை வாசிக்கத் தலையை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குத் திருப்புவேன். கழுத்து பிடித்துக்கொண்டது. திரையின் அளவைச் சரிசெய்ய டீச்சர் பட்ட பாடு மாணவர்களுக்குத் தெரியாது, நல்லவேளை. அக்கா போஞ்சி நறுக்கிக்கொண்டே நான் தட்டுவதையெல்லாம் சத்தமாக வாசிப்பார்.

பிறகு வகுப்பிலிருந்து ஒரு சின்னக் கெமரா கொண்டுவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த அக்காவை உட்காரவைத்து, இன்டர்நெட்டில் கத்தாருக்கு அழைத்தேன். டிவி நிறைய அண்ணனின் முகம் வந்தது. போனில் ஓயாமல் பேசுகிற அக்கா, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன ஸ்டெல்லா, பேச மாட்டேங்குற?"

"முடியெல்லாம் நரைச்சிருச்சே... போன்ல சொல்லவே இல்லயே."

அண்ணன் சிரிக்க வாயைத் திறந்தார். அதோடு இணைப்பு நின்றது. முகம் மட்டும் அசையாமல் திரையில் தங்கிவிட்டது. நான் மூடப் போனேன்.

"வேணாம் தங்கச்சி. இருக்கட்டும்."

சோறு போட்டு எடுத்துவந்து, அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கும் ஒரு தட்டு தந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து போன் வந்தபோது அக்கா வேறெதுவும் பேசவில்லை. "போதும், வந்துருங்க" என்றார்.

மறு வருடம் அண்ணன் வந்துவிட்டார். டிவியில் கிரிக்கெட் ஓடியது. நான் ஒரு பழைய மொனிட்டர் வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன். ஹோலில் இருவரும் சிரிப்பது கேட்கும். "வாங்களேன், தேத்தண்ணி குடிக்க" என்று கூப்பிடுவார்கள். போவேன், குடிப்பேன், எழுந்து வந்துவிடுவேன். அக்காவுக்குத் துணை வந்த பிறகுதான் நான் தனியாக இருப்பது எனக்கே தெரிந்தது. கொஞ்ச நாளில் கொழும்பில் வேலை கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

போன வருடம் பதுளைக்குப் போனபோது அந்தப் பக்கம் நடந்தேன். வீட்டை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். கீழே மருந்துக்கடை. கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"அந்த அக்காங்களா? அவங்க வீட்டுக்காரர் தவறினதுக்கப்புறம் வித்துட்டுப் போயிட்டாங்க. எங்கன்னு தெரியாதுங்க."

எவ்வளவு காலம் சேர்ந்து இருந்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.