அருவித் தண்ணீரும் கப்பி மீன்களும்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். சைக்கிளில் பாத்திரம் விற்றே குத்துக்கல்வலசையில் மாடி வீடு கட்டியவன். சந்தை அடிதடிக்குக்கூட ஒதுங்கியதில்லை. அப்படிப்பட்ட நான் அன்று ஒரு கண்ணாடித் தொட்டியின் முன்னால் பயந்துபோய் நின்றேன்.

தொட்டியில் இருந்தவை என் மனைவியின் கப்பி மீன்கள். பிள்ளைகள் வெளிநாடு போனபின் அவள் அவற்றோடுதான் பேசுவாள். அவள் கீழப்பாவூர் கோயிலுக்குப் போன நேரம், குற்றாலத்தில் பிடித்து வந்த அருவித் தண்ணீரைத் தொட்டி முழுக்க மாற்றிவிட்டேன். மூலிகைத் தண்ணீர் மனிதனுக்கே மருந்தாயிற்றே, மீனுக்கு ஆகாதா என்ற நினைப்பு.

கொஞ்ச நேரத்தில் சிவப்பும் நீலமுமான வால்கள் சுருங்கின. மீன்கள் ஒருக்களித்து அடியில் படுத்துவிட்டன. கையை விட்டுப் பார்த்தேன். சாரல் காலத்துத் தண்ணீர், ஐஸாக இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டிருந்தபோதே வாசலில் அவள் செருப்புச் சத்தம்.

"என்னத்தச் செஞ்சிய? ஏன் இப்படி வேத்துக் கொட்டுது?"

"ஒண்ணுமில்லட்டி. அருவித் தண்ணி மாத்துனேன். மருந்துத் தண்ணில்லா."

அவள் தொட்டியருகே குனிந்தாள். "ஏலே, எல்லாரும் ஏன் படுத்துக் கெடக்கிய?"

ஒரு நீல வால் மட்டும் மெல்ல விரிந்தது. மற்றவை அசையும்வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.