தம்பிக்கும் சேர்த்துப் பேசியவள்

அக்காவுக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. படியில் தொங்குகிறவனைக் கடைசி சீட் வரைக்கும் நகர வைக்கிற குரல். வீட்டிலும் அந்த வாய்க்கு ஓய்வு கிடையாது. தம்பிக்கு ஆட்டிசம். எதைக் கேட்டாலும் நிதானமாக யோசித்துத்தான் பதில் சொல்வான். அவன் யோசிப்பதற்குள் இவள் சொல்லி முடித்து, கேட்காத கேள்விக்கும் சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடம், டாக்டர், முடிவெட்டும் கடை, எங்கே போனாலும் இதே கதைதான். தம்பிக்கு நாற்பது வயதாகப் போகிறது.

இப்போது அவன் தனியாக அறை எடுத்துத் தங்கி, சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறான். கூடமாட இருக்க அரசாங்கம் ஓர் உதவியாளரை அனுப்புகிறது. அதைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று அன்றைக்கு விசாரணை. நிறுத்திவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

அதிகாரியம்மா எடுத்த எடுப்பிலேயே குண்டைத் தூக்கிப் போட்டார். "இனிமே சம்பந்தப்பட்டவங்கதான் பதில் சொல்லணும். நீங்க கூட உக்காரலாம்மா, பேசக்கூடாது."

சாப்பிடாதே என்று சொல்லியிருந்தால்கூட அக்கா சரி என்றிருப்பாள்.

"சமைக்கத் தெரியுமா?"

தம்பி யோசித்தான். "தெரியும்."

"பஸ்ல தனியா போவீங்களா?"

"போவேன்."

போச்சுடா! அக்கா மனசுக்குள்ளேயே தலையில் அடித்துக்கொண்டாள். சமைப்பான், சாப்பிட மறந்துவிடுவான். பஸ்ஸில் போவான், வண்டி வழி மாறினால் அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருப்பான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற இந்தப் பாவி அதையெல்லாம் எங்கே சொல்லப் போகிறான்? மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"அக்கா, ஏன் மிதிக்கிற?" என்றான் தம்பி, அறை முழுக்கக் கேட்கும்படி.

அதிகாரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைக் கீழே வைத்தார். "சரி, உதவியாளர் வரலைன்னா என்ன ஆகும்?"

தம்பி யோசித்தான். இன்னும் யோசித்தான். அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது.

"சாப்பிட மறந்துடுவேன். அப்புறம் அக்கா வீட்டுக்குப் போகணும். அக்கா நல்லவ. ஆனா நான் சொல்றதுக்குள்ள அவளே சொல்லிடுவா. உதவியாளர் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பார். அங்க போனா நான் பேசுறதையே விட்டுடுவேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

உதவி தொடரும் என்று அதிகாரியம்மா சொல்லி அனுப்பினார். வெளியே வந்தபோது வாசல் காவலாளி அக்காவைப் பார்த்து, "தம்பிக்குக் குடிக்கத் தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார்.

வேணும் என்று தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"அவனையே கேளுங்க."

தம்பி யோசிக்க ஆரம்பித்தான். அந்த நேரத்தில் ஒரு குடம் தண்ணீரைக் குடித்தே தீர்த்திருக்கலாம். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.