தலைவருக்கு வாங்கிய பொன்னாடை

போர் முடிந்த பிறகு எங்கள் தலைவர்களுக்கு ஒற்றுமை என்றொரு வியாதி பிடித்தது. தேர்தல் நெருங்கினால் காய்ச்சல் கூடும். மண்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை அறைகளான லயங்களின் சுவர்கள் வெடித்து, அங்கிருந்த குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தபோதும் கொழும்பிலிருந்து வந்தது ஒற்றுமைதான். ஒரு கூரைத் தகரம்கூட வரவில்லை.

அமைச்சர் வந்த அன்று காலை பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்ப வேண்டிய பெண்களை, கங்காணி கூடையோடு அங்கேயே நிறுத்தி வைத்தார், கைதட்ட. அமைச்சர் சிங்களத்தில் முழங்கினார். தமிழில் சொன்னவன் நான், தோட்டப் பாடசாலை வாத்தியார். "இந்தச் சோசலிசக் குடியரசில் நாம் எல்லோரும் ஒரு தாய் மக்கள்" என்று நானும் கூச்சமில்லாமல் முழங்கினேன்.

அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்த, மண்டபத்தில் மகளோடும் பேத்தியோடும் கிடந்த ஒரு கொழுந்துக்கார அக்காவை மேடையேற்றினார்கள். அவர் போர்த்தாமல் கேட்டார்:

"ஒரு தாய் மக்கள்னு சொல்றீங்களேய்யா, ஒரு புள்ளைக்கு வீடு, இன்னொரு புள்ளைக்கு லயமுன்னு எந்தத் தாயி பிரிச்சுக் குடுப்பா? வீடு கட்ட எங்களுக்குக் காணி எப்பக் குடுப்பீங்க?"

அமைச்சர் என்னைப் பார்த்தார். நானுஓயாப் பாடசாலைக்கு மாற்றம் கேட்டு நான் எழுதிய மனு அவருடைய செயலாளரின் பையில் இருந்தது. "தங்கள் வருகைக்கு நன்றி சொல்கிறார்" என்றேன், சுத்தமான சிங்களத்தில்.

அந்த அக்கா வலப்பனையில் சிங்களக்காரர் தோட்டங்களில் வருடக்கணக்காக மரக்கறி பிடுங்கியவர். என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவார். கொழுந்து கிள்ளுகிறவருக்கு என்ன தெரியும் என்று நினைத்த படித்த முட்டாள் நான்.

அமைச்சர் கழுத்தைத் தாழ்த்திக் காத்திருந்தார். அக்கா அவரைத் தாண்டி வந்து பொன்னாடையை என் தோளில் போட்டார். "ஒங்களுக்குத்தான் சேர்" என்றார். பிறகு திரும்பி, கேட்டதையே சிங்களத்தில் அமைச்சரிடம் நிதானமாகக் கேட்டார். மகான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பார்க்கலாம்" என்றபடி வாகனம் ஏறினார்.

எனக்கு மாற்றம் கிடைத்தது. காணி யாருக்கும் கிடைக்கவில்லை. புறப்படும் நாளில் பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்க வெட்கத்தோடு மண்டபத்துக்குப் போனேன். பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்த அக்கா நிமிரவேயில்லை.

"நீங்களே வச்சிக்கங்க சேர். அவரு நானுஓயாவுக்கும் பேச வருவாரு."